பொத்தான் இல்லாத பெட்டி

ஊரப்பாக்கத்தில் ஒரு மாடியில் எங்கள் அலுவலகம். மாமல்லபுரத்தில் இன்னொரு அறை. பலர் ஒரே நேரத்தில் எழுதக்கூடிய இணையப் பக்கங்களைச் செய்துகொடுத்தோம். அப்போது அது புதுசு. பன்னிரண்டாம் வகுப்போடு நின்ற எனக்கு அவற்றைச் சோதிக்கும் வேலை. நான் இங்கே தட்டும் ஒவ்வொரு எழுத்தும் அந்த நொடியே மாமல்லபுரத்துத் திரையில் தெரிய வேண்டும். அங்கே உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறவள் சதுரங்கப்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் வருவாள்.

போனில் எனக்குப் பேச்சு வராது. பக்கத்தின் ஓரத்தில் ஒரு பேச்சுப் பெட்டி இருந்தது. புரோகிராமர் அதை ஒரு தடவை செய்துவைத்து எல்லாப் பக்கங்களிலும் பொருத்தியிருந்தார். அனுப்ப அதற்குப் பொத்தானே கிடையாது. அடிக்க அடிக்கப் போய்விடும். நான் தயங்கி அழிப்பதையும் அவள் பார்ப்பாள்.

"இன்னாபா, எழுதி எழுதி அழிச்சிகினு கீற? நாஸ்தா துன்னியா?"

"துன்னேன்."

"இத்த சொல்லவா இவ்ளோ நேரம்!"

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் எழுதினாள்: "வூட்ல மாப்ள பாத்துட்டாங்க. நாளிக்கு வராங்க. நான் இன்னா சொல்லட்டும்? நீயே சொல்லு."

எப்போதும் எழுத்தெழுத்தாக ஊர்ந்து வரும் அவள் வரி அன்று மொத்தமாக வந்து விழுந்தது. கோபம் போல என்று நினைத்தேன்.

"வேணாம்னு சொல்லு. ஞாயித்துக்கெழம எங்கம்மாவ இட்டுகினு வரேன்." முதல்முறையாக ஓர் எழுத்தைக்கூட அழிக்காமல் அடித்தேன்.

ரொம்ப நேரம் கழித்துப் பதில் வந்தது. "சரி, வுடு. பஸ்ஸுக்கு நேரமாச்சு." அவள் பெயருக்குப் பக்கத்தில் எரிந்த பச்சைப் புள்ளி அணைந்தது. என்னை வேண்டாம் என்கிறாள் என்று புரிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை புரோகிராமர் வந்தார். "பேச்சுப் பெட்டிய வெள்ளிக்கெழம சாயங்காலமே மாத்திட்டேன், சொல்ல மறந்துட்டேன். அழிக்கிறது அடுத்தவங்களுக்குத் தெரியக்கூடாதாம். இனிமே பொத்தான அமுக்குனாதான் போவும். ஒரு எடத்துல மாத்துனா போதும், எல்லாப் பக்கத்துலயும் மாறிடும்."

பெட்டியின் அடியில் சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒரு பொத்தான். நான் பார்க்கவே இல்லை.

அன்றைக்குத்தான் நானாக அவளுக்குப் போன் செய்தேன்.

"நேத்து தட்டு மாத்திட்டாங்கபா" என்றாள். "நீதான் ஒண்ணுமே சொல்லலியே."

போனை வைத்துவிட்டேன்.

அன்றைய வேலை அந்தப் பொத்தானைச் சோதிப்பதுதான். 'சோதனை' என்று அடித்து அமுக்கினேன்.

"வந்துச்சு" என்று அவளிடமிருந்து பதில் வந்தது.