சரசு என்ற காலி பைல்

போன வாரம் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு ஆள் ஜன்னல் வழியாகத் துண்டை வீசி சீட்டுப் பிடித்தார். எனக்கு உடனே ஹார்ட் டிஸ்க் ஞாபகம் வந்துவிட்டது. சிரிக்காதீர்கள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனால் டிஸ்க்கில் துண்டு போடும் வித்தையை எனக்கு முன்னால் செய்த வீடியோக்காரன் கோயமுத்தூரில் இருந்தால் கூட்டி வாருங்கள், பார்க்கலாம்.

அப்போது உக்கடத்தில் கல்யாண வீடியோ ஸ்டூடியோ வைத்திருந்தேன். ஒரே கம்ப்யூட்டர். கேமரா டேப்பை அதில் ஏற்றும்போது பாதியில் இடம் தீர்ந்தால், தாலி கட்டப் போகிற மாப்பிள்ளை கையைத் தூக்கியபடியே நின்றுபோவார். அதனால் ஆர்டர் பேசியதுமே கம்ப்யூட்டரில் கருப்புத் திரையைத் திறந்து, பைலுக்குப் பேரும் அளவும் கொடுத்துக் கட்டளை அடித்துவிடுவேன். உள்ளே ஒன்றும் இருக்காது. ஆனால் அத்தனை இடமும் அந்தக் கல்யாணத்துக்கு. டேப் வந்ததும் காலி பைலை அழித்துவிட்டுப் படத்தை ஏற்றுவேன். இங்கிலீஷ் வராது. கட்டளையின் எழுத்துகள் மட்டும் விரலில் நின்றன.

ஒரு தை மாதம், கேமரா எடுக்கும் பஷீர் பாய் மண்டபத்திலிருந்து டேப்போடு வந்தார். டேப் டப்பாவிலேயே சந்தனம் மணந்தது. முந்தின நாள்தான் பேசிய அவசர ஆர்டர், துண்டு போட மறந்திருந்தேன். டிஸ்க்கில் இடமில்லை.

"ஏனுங்ணா, 'சரசு'ன்னு ஒரு பைலு மலையாட்டம் கெடக்குது. தொறந்தா ஒண்ணுமே இல்லீங்க?"

"என்ற தங்கச்சி கல்யாணத்துக்குங்க பாய்."

"மாப்ள பாத்தாச்சுங்களா?"

"பாப்போம்."

சரசுவுக்கு முப்பது தாண்டியிருந்தது. ஜாதகம் வாங்கியவர்கள் காபி குடித்துவிட்டுப் போனார்கள். இனி எங்கே நடக்கப்போகிறது என்று சொந்தக்காரர்கள் என் காதுபடவே பேசினார்கள். அவர்களுக்கு என் பதில்தான் அந்தப் பைல். மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் போட்டு வைத்திருந்தேன்.

"இந்த ஆர்டரு போனாலும் போகுது, அதத் தொடப்படாதுங்க" என்றேன்.

சோறு கொண்டுவந்த சரசு வாசலிலேயே நின்று கேட்டுவிட்டாள்.

"ஏனுங்ணா, நான் ஏறவே போகாத பஸ்ஸுல எனக்கு எதுக்குங்க எடம்?"

"அம்மணி, நீ பேசாம இரு. ஊரு வாய அடைக்கோணும்."

"அதுக்கு நாந்தான் கெடச்சனுங்களா? கல்யாணம் வேண்டாமுன்னு எத்தன தடவ சொல்றது? அழிக்கற எழுத்தச் சொல்லுங்க, நானே அடிக்கறேன்."

சொன்னேன். என் தங்கச்சி அல்லவா! ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்து எண்டரைத் தட்டினாள். நிஜமாகவா என்று கருப்புத் திரை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பாய் டேப்பைச் சொருகினார்.

"இனி எவங் கல்யாணத்த வேணாலும் ஏத்திக்குங்க" என்று சோற்றுத் தூக்குப்போசியை வைத்துவிட்டுப் போனாள்.

இன்று சரவணம்பட்டியில் லேடீஸ் ஹாஸ்டல் நடத்துகிறாள். போர்டில் அவள் பேர் மட்டும்தான். அண்ணனே ஆனாலும் வாட்ச்மேன் என்னைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டுத்தான் போன் போடுகிறான்.

ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது பிரியாணிக் கடை. நான் ஏற்றிய கல்யாணங்களோடு அந்த டிஸ்க்கும் பழைய இரும்புக்குப் போய்விட்டது. போகட்டும், அதற்கெல்லாம் நான் வருத்தப்படுகிற ஆள் இல்லை. ஆனால் அன்று அலமாரி நிறையக் கேமரா வைத்துக்கொண்டு, சரசு எண்டர் தட்டியதைப் படம் பிடிக்க எங்களில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை.