உப்புவெளியில் ஒரு தாலிக்கொடியும் நூறு மைலும்

"அம்பத்தொரு வயசில உனக்கேன் இந்த விசர்?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் நொந்துவிட்டது. ஆகவே இங்கே ஒரேயடியாக எழுதிவைக்கிறேன். போக நினைப்பவர்களுக்கு வழி தெரியும், கேட்டவர்களுக்குக் கொஞ்சம் உறைக்கும்.

என்னுடையது பழைய 250 சிசி மோட்டார் சைக்கிள். கோடை முழுவதும் மொன்றியலின் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவிலிருந்து லொங்குய்யில் உள்ள அலுவலகத்துக்கு அதில்தான் போய்வருகிறேன். அமெரிக்காவில், யூட்டா மாநிலத்தின் பொன்வில் உப்புவெளியில் கோடை முடிவில் மோட்டார் சைக்கிள்களுக்கு வேகப் பந்தயம் நடக்கும். பக்கத்தில் யாரும் ஓடமாட்டார்கள். நேர்கோட்டில் தனியாக ஓடவேண்டும், குறித்த ஒரு மைலில் உங்கள் வேகத்தை அளந்து சீட்டுத் தருவார்கள். போன வருடம் எனக்கு மணிக்கு 97 மைல் வந்தது. நூறுக்கு மூன்று குறைவு. நூறு மைல் என்றால் 161 கிலோமீட்டர்.

அந்த மூன்று மைலை வைத்து ஊரே சிரித்தது. ரொக்ஸ்பரோவில் இருக்கும் என் மச்சாள், கணவர் சிறியின் அக்கா, "அந்தச் சின்னச் சைக்கிள் நூறு ஓடாது பிள்ளை, வித்துப்போட்டு ஒழுங்கா இரு" என்றார். "இந்த முறையும் ஓடாட்டி விக்கிறன்" என்று நானும் வீம்புக்குச் சொல்லிவிட்டேன். என் வாய் இருக்கிறதே!

ஆகஸ்ட் கடைசியில் ஒரு சனிக்கிழமை புறப்பட்டோம். காலையில் முருகன் கோயிலில் சைக்கிளுக்கு ஓர் அர்ச்சனை. நல்ல காரியத்துக்குக் கொடி போடாமல் போகக்கூடாது என்று மச்சாள் ஒற்றைக்காலில் நின்றதால், ஒன்பது பவுண் தாலிக்கொடியைப் போட்டிருந்தேன். சனிக்கிழமை வங்கி பூட்டு, லொக்கரில் திரும்ப வைக்க வழியில்லை. கோயில் வாசலிலிருந்து அப்படியே, சைக்கிளை ஏற்றியிருந்த எங்கள் வான் வண்டியில் ஏறிவிட்டேன்.

டொரொன்டோ, சிக்காகோ, பிறகு I-80 நெடுஞ்சாலையில் நேராக மேற்கே. ஏறத்தாழ 3,800 கிலோமீட்டர், நான்கு நாள். நெப்ராஸ்காவைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, சோளம்தான். வென்டோவர் என்ற சிற்றூரில் தங்கினோம், அங்கிருந்து உப்புவெளி இருபது நிமிடம். பெட்ரோலையும் தண்ணீரையும் அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள், உள்ளே ஒன்றும் கிடையாது. வெயில் மேலிருந்து மட்டுமல்ல, கீழிருந்தும் அடிக்கும். முகவாய் நாடிக்குக் கீழும் மூக்குத் துவாரத்திலும் கிரீம் பூசாவிட்டால் வெந்துவிடும். சிரிக்காதீர்கள், எனக்கு வெந்தது.

போய்ச் சேர்ந்த பிறகு இரண்டு நாள் மழை. உப்பு ஈரமாகி ஓட்டத்தை நிறுத்திவிட்டார்கள். எங்களுக்கு மிஞ்சியது கடைசி நாள் மட்டும்.

அன்று காலை பாதுகாப்புப் பரிசோதனை. நரைத்த பின்னல் போட்ட ஓர் அமெரிக்கப் பெண், சங்கிலி, பிரேக், தலைக்கவசம் எல்லாம் பார்த்துவிட்டு, என் தோல் உடுப்பின் கழுத்தைத் திறக்கச் சொன்னார். கொடி பளிச்சென்று தெரிந்தது.

"இதைக் கழற்றவேண்டும்," என்றார்.

"இது கழற்றுவதில்லை."

"விழுந்தால் இது உங்கள் கழுத்தை அறுக்கும். கழற்றாவிட்டால் ஓட அனுமதி இல்லை."

அவர் சொன்னது சரிதான், அதுதான் கோபத்தைக் கூட்டியது. போன வருடம் கொடி லொக்கரில் இருந்ததால் இந்தப் பேச்சே வரவில்லை. லைசென்சும் காப்புறுதியும் சரிபார்த்த எனக்கு, இது மட்டும் மண்டையில் ஏறவில்லை. என்னைப் போல மடைச்சி உண்டா? சரி, கழற்றினால் என்ன? உண்மையைச் சொல்கிறேன், பயந்துவிட்டேன். நவராத்திரிக்கும் கலியாண வீடுகளுக்கும் கொடியை மாட்டுவதும் கழற்றுவதும் வழக்கம்தான், ஆனால் அர்ச்சனை செய்து போட்டதை ஓர் ஆபத்தின் வாசலில் நின்று கழற்றுவது வேறு. சிறிக்கு ஏதும் நடந்துவிட்டால்?

"இஞ்சாருங்கோ, நாங்கள் திரும்பிப் போவமா?" என்று கேட்டேன்.

சிறி தண்ணீர்ப் போத்தலைக் கீழே வைத்தார். "இது ஆரின்ர உயிருக்குப் போடுறது?"

"உங்கட உயிருக்குத்தான்."

"அப்ப நானே போடுறன். கழட்டித் தாரும்."

கழற்றிக் கொடுத்தேன். பந்தயத்தில் வாங்கிய சட்டைக்கு மேல், நடுவெயிலில், தாலிக்கொடியை மாட்டிக்கொண்டு நின்றார் மனிதர். பரிசோதகர் அவரை ஏற இறங்கப் பார்த்தார், பிறகு என் சைக்கிளில் அனுமதிச் சீட்டை ஒட்டினார்.

முதல் ஓட்டம் 99.2. எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேகமானியைப் பார்க்க நான் தலையைத் தூக்குகிறேன், காற்று நெஞ்சில் பிடித்து இழுக்கிறது. அது விளங்கியதும் மானியின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டினேன். திரும்ப வரிசையில் நின்றோம். அதற்குள் யாரோ எடுத்த படத்தைச் சிறி குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட, மச்சாள் அழைத்தார்.

"தம்பி, உன்ர கழுத்தில என்னடா? உனக்கும் விசரே?"

"ஓம் அக்கா. பேந்து கதைக்கிறன், அவ ஓடப்போறா."

இரண்டாம் முறை நாடியைப் பெட்ரோல் டாங்கியில் அழுத்தி வைத்தேன். வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. எஞ்சின் கத்தியது, நானும் தலைக்கவசத்துக்குள் யாழ்ப்பாணத்துக் கெட்ட வார்த்தைகள் அத்தனையும் கத்தினேன். நேரம் அளக்கும் கொட்டிலில் தந்த சீட்டில் இருந்தது: 101.3.

சைக்கிள் விற்பனைக்கு இல்லை. யாரும் கேட்டு வரவேண்டாம்.

திரும்பும்போது சிறி கொடியை நீட்டினார். கழுத்தெல்லாம் உப்பும் வேர்வையுமாக எரிந்ததால் வேண்டாம் என்றேன். மொன்றியல் வரை அவர்தான் போட்டுக்கொண்டு வான் ஓட்டினார். எல்லையில் அதிகாரி உற்றுப் பார்த்தார், "என் மனைவியுடையது" என்றார் சிறி, அவ்வளவுதான்.

போகிறவர்களுக்கு: இருவருக்கும் எல்லாமாகக் கனடியன் டொலரில் நாலாயிரத்துக்கு மேல் முடிந்தது. வென்டோவரில் அறையை மூன்று மாதம் முன்பே பிடியுங்கள். மழைக்கு இரண்டு நாள் கூடுதலாக ஒதுக்குங்கள். வாகனத்தின் அடியை அன்றைக்கே கழுவுங்கள், உப்பு தின்றுவிடும். வேகமானியை மூடிவிடுங்கள். நகைகளை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். முடியாதென்றால், அதைத் தன் கழுத்தில் போட்டுக்கொள்ளக்கூடிய ஒருவனைக் கட்டுங்கள்.