ஹென்றியின் இரட்டைக் கிளிப்புகள்

முதுகு வலி வந்த பிறகு ஹென்றி கடலுக்குப் போவதை நிறுத்தினார். வள்ளத்தை விற்று, யாரோ ஓட்டித் தள்ளிய ஒரு பெட்ரோல் காரை வாங்கினார். துறைமுகத்தில் இறங்கும் கப்பல் ஆட்களை ஊருக்குள் அழைத்து வருவதும், திரும்பக் கொண்டுபோய் விடுவதும் அவர் தொழிலாயிற்று. பிலிப்பைன்ஸ் மாலுமிகளிடமும் தமிழிலேயே பேசுவார். அவர்களுக்கும் எப்படியோ புரிந்தது. சவாரி முடிந்ததும் காரின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுவார். டேங்கைக் குறையவே விடமாட்டார். கரையேறினாலும் அவர் கை வள்ளக்காரரின் கைதான்.

நவம்பர் மழையில் அவர் இறந்தார். வள்ளத்துக்கு உடையவர் இறந்தால், முப்பதாம் நாள் கோயிலில் வைக்கும் மாதப் பூசை முடியும்வரை அந்த வள்ளத்தைக் கடலில் இறக்குவதில்லை என்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். காருக்கும் அதுதான் என்று சொல்லிவிட்டார் மனைவி பிலோமினா. ஆஸ்பத்திரிக்கும், அடக்கத்தன்று கல்லறைக்கும் ஓடித் தீர்ந்த பெட்ரோலை யாரும் நிரப்பவில்லை. கார் வாசலில் மழையோடு நின்றது.

பூசை முடிந்த மறுநாள் மகள் சுஜிதா சாவியைத் திருகினாள். இஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டு அடங்கியது.

மெக்கானிக் லிங்கராஜ் வந்தார். பானெட்டைத் திறந்த வேகத்தில் தீர்ப்பையும் சொன்னார்.

“இஞ்சின் போச்சு தங்கச்சி. எத்தனால் கலந்த பெட்ரோல்தான இப்ப எல்லா பங்குலயும். பழைய வண்டில ரப்பர், இஞ்சின் எல்லாத்தையும் தின்னுரும். ஹென்றி அண்ணாச்சிட்ட அப்பவே சொன்னேன், வண்டியக் குடுத்துருங்கன்னு. சிரிச்சாவ. ‘ஏலே லிங்கராஜு, மண்ணெண்ணெயில ஓடுத இஞ்சினையே நான் கெஞ்சிக் கொஞ்சி ஓட்டுனவன்’னாவ.”

“பிறகு?”

“பெறகென்ன, டீ வாங்கிக் குடுத்தாவ.”

சுஜிதா கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியின் சோதனைப் பிரிவில் இருக்கிறாள். இஞ்சின் போனதென்றால் கார் பழைய இரும்புக்குப் போகும். அதுகூடப் பரவாயில்லை. அப்பா எச்சரிக்கையைச் சிரித்துத் தள்ளி, தன் வண்டியைத் தானே கெடுத்தார் என்று ஆகிவிடும். அதை அவளால் ஏற்க முடியவில்லை. தான் ஏற்கவில்லை என்பது ஆதாரம் ஆகாது என்பதும் அவளுக்குத் தெரியும்.

“கம்ப்ரஷன் பார்த்துருவோமா அண்ணாச்சி?”

“செத்த வண்டிக்கு நாடி பாக்கச் சொல்லுதியளா?”

என்றாலும் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் அழுத்தம் அளக்கும் கேஜை வைத்தார். நான்கு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டின. அந்த வயது இஞ்சினுக்கு அது நல்ல அளவு.

“சரி, இஞ்சின் நல்லாத்தான் கெடக்கு. ரப்பர் ஓஸ் எல்லாம் உப்பி வெடிச்சிருக்கும், பாருங்க,” என்றபடி லிங்கராஜ் காரின் அடியில் படுத்தார். அங்கிருந்தே கூப்பிட்டார்.

“தங்கச்சி, இங்கன வாங்க.”

அவளும் டார்ச்சோடு கீழே நுழைந்தாள். பெட்ரோல் போகும் ரப்பர்க் குழாய்கள் எல்லாம் புதியவை. ஒவ்வொரு இணைப்பிலும் துருப்பிடிக்காத கிளிப்புகள், இரண்டிரண்டாக. காரில் ஒன்றுதான் போடுவார்கள். நடுக்கடலில் ஒன்று கழன்றாலும் மற்றது பிடிக்கட்டும் என்று வள்ளத்தில்தான் இரண்டு போடுவது.

“இது நான் போடல. வள்ளக்காரன் வேலைல்லா இது? என்ட்ட சிரிச்சிட்டு, வீட்டுல வச்சு அம்புட்டையும் மாத்திருக்காவ பாருங்க. கள்ள மனுசன்!”

சுஜிதா டார்ச்சை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

டேங்கில் மிச்சமிருந்ததை ஒரு கண்ணாடி ஜாடியில் இறக்கினார்கள். மேலே பெட்ரோல், அடியில் கலங்கலாக வேறொன்று. மழைத் தண்ணீர் எத்தனாலையும் தன்னோடு இழுத்துக்கொண்டு கீழே பிரிந்திருந்தது. பம்பு அதைத்தான் இஞ்சினுக்கு அனுப்பியிருக்கிறது. தண்ணீர் இறங்கிய வழியும் தெரிந்தது: டேங்க் மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. ஹென்றி மாற்றாமல் விட்ட ஒரே ரப்பர்.

“தின்னுருக்கு பாத்தியளா!” லிங்கராஜ் வளையத்தைத் தூக்கிக் காட்டினார்.

“வயசும் தின்னிருக்கும் அண்ணாச்சி.”

“ஏதோ ஒண்ணு தின்னுச்சுல்லா?”

அதில் அவளுக்கு மறுப்பில்லை. அவர் எச்சரிக்கையில் ரப்பர் உண்மை, இஞ்சின் மிகை. அப்பாவும் அப்படித்தான் பிரித்து எடுத்திருக்கிறார். ஒரு வளையத்தைத் தவறவிட்டார். டேங்க் நிறைந்து, வண்டி தினமும் ஓடியவரை அந்த வளையம் காட்டிக்கொடுக்கவில்லை.

பிலோமினா வாசலுக்கு வந்தார். “ஏளா, பெட்ரோல்தான் கெடுத்துச்சா?”

ஆமாம் என்று சொல்லிவிடலாம்.

“டேங்க் காலியா மழையில நின்னுருக்கும்மா. தண்ணி இறங்கிட்டு.”

“நான்லா வண்டிய எடுக்கக் கூடாதுன்னேன்.”

“ஆமா.”

பிலோமினா ஜாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். “அப்ப உங்கப்பா?”

“அப்பா ஒழுங்காத்தான் வச்சிருந்தாங்க.”

டேங்கைக் கழுவி, பில்டரை மாற்றி, மூடிக்குப் புது வளையம் போட்டு, கேனில் வாங்கி வந்த பெட்ரோலை ஊற்றினார்கள். இஞ்சின் கொஞ்சம் அடம்பிடித்துவிட்டுப் பிடித்துக்கொண்டது. லிங்கராஜ் கைகளைத் துடைத்துக்கொண்டு, “அந்தக் கிளிப்ப யாரும் கழத்த விட்ராதிய,” என்றார்.

பிலோமினா முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

“பெட்ரோல் பங்குக்கு விடு. நிறையப் போடு. அரையில நிப்பாட்டுனா அவருக்குப் பிடிக்காது.”

பங்கில் டேங்க் நிறைந்ததும், பெட்ரோல் போட்டவரிடம் மூடியைக் கேட்டு வாங்கி, சுஜிதா தன் கையாலேயே இறுக்கினாள்.