அடியில் ஒரு நத்தை

கேக் வேக நாற்பது நிமிடம் ஆகும். சின்னவன் அழாமல் தரையில் உட்கார்ந்திருப்பது பதினைந்து நிமிடம், அதுவும் கையில் ஒரு மரக்கரண்டி இருந்தால். மிச்ச இருபத்தைந்து நிமிடத்துக்காகத்தான் அவளுக்கு அக்கா வேண்டியிருந்தது.

லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடி. ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தால் ஓவன் கதவைத் திறக்க முடியாது, அவ்வளவுதான் அடுப்படி. அதற்குள் நின்றுதான் நான்கு வருடமாகக் கேக் செய்து விற்றுக்கொண்டிருந்தாள். கட்டடத்துப் பிள்ளைகள் அவளுக்குக் கேக்கம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயர் வைத்ததோடு விட்டார்களா? சனிக்கிழமை ஆனால் படியேறி வந்து, வெட்டி எடுத்த ஓரத் துண்டுகள் இருக்கிறதா என்று கதவைத் தட்டுவார்கள். அவளும் சலித்துக்கொண்டே கொடுப்பாள்.

பிள்ளைகள் இரண்டு. பெரியவளுக்கு ஆறு வயது, மதியப் பள்ளி. சின்னவனுக்கு ஒன்றரை. முட்டை நுரைத்து எழும்பும் நேரம் பார்த்துத்தான் சின்னவனுக்கு எல்லாம் வரும். நுரை அடங்கினால் கேக் கல். அவனை விட்டால் தரை நாசம். கையெல்லாம் மாவோடு அவள் நடுவில் நின்று தவிக்கும்போது போன் வேறு அடிக்கும். அப்போதெல்லாம் அக்காதான் போனை எடுப்பாள்.

"நீ வேலையப் பாரு. பேசுறத நான் பாத்துக்கறேன்" என்பாள் அக்கா. ஒன்பது மணிக்கு வந்து சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, போனில் ஆர்டர் எடுத்து, வெந்த கேக் ஆறியதும் பெட்டியில் வைத்துத் தானே கொண்டு போய்க் கொடுத்துவிடுவாள். காசு விஷயத்தில் அக்கா சுத்தம், ஒரு குறை சொல்ல முடியாது. ஐம்பது வயதாகிறது, மகன் வெளியூருக்கு வேலைக்குப் போய்விட்டான், சும்மா இருக்கப் பிடிக்கவில்லை என்பாள். கேக்கம்மாவும் நம்பினாள். கூடப் பிறந்தவளை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

பெரியவளுக்கும் ஒரு வேலை உண்டு. கேக் வைக்கும் அட்டையின் அடிப்பக்கத்தில் ஒரு நத்தை வரைய வேண்டும். ஒரு நாள் ஓயாமல் காலைச் சுற்றினாளே என்று பென்சிலைக் கொடுத்து உட்கார வைத்தது, அப்படியே வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு நத்தைக்கும் ஒவ்வொரு தொப்பி. மேலே வரைந்தால்தானே எல்லோரும் பார்ப்பார்கள் என்று கேட்டதற்கு அவள் சொன்னாள், "முழுசா சாப்பிட்டு முடிச்சவங்களுக்குத்தான் நத்தை."

அந்த வருடம் கேக்கம்மா ஒன்றே ஒன்றுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் காபிக் கடையில் தினமும் இரண்டு கேக் தேவை என்று கேள்விப்பட்டாள். அது கிடைத்துவிட்டால், பிறந்தநாளுக்குக் கோட்டை கட்டு, குதிரை செய் என்று பிராணனை வாங்கும் ஆர்டர்களை விட்டுவிடலாம். காலையோடு வேலை முடிந்துவிடும், மதியம் சின்னவனுக்கு, மாலை இரண்டு பிள்ளைகளுக்கும். கடைக்காரம்மாவிடம் அக்காதான் பேசினாள். மாதிரிக்கு அனுப்பிய ஆரஞ்சு கேக் அந்தம்மாவுக்குப் பிடித்துவிட்டதாம். வெள்ளிக்கிழமை அடுப்படியைப் பார்க்க வருவார்களாம்.

கேக்கம்மா வீட்டை மூன்று முறை துடைத்தாள். வெள்ளிக்கிழமை யாரும் வரவில்லை. "அந்தம்மாவுக்கு உடம்பு சரியில்லையாம், அப்புறமா வராங்களாம்" என்றாள் அக்கா. அந்த அப்புறம் மூன்று மாதமாக வரவேயில்லை. நடுவில், தன் குடியிருப்பில் கேட்கிறார்கள் என்று சொல்லி, தினமும் இரண்டு ஆரஞ்சு கேக்கை அக்கா எடுத்துப் போக ஆரம்பித்தாள். அந்தக் குடியிருப்பில் யாருக்கும் வேறு சாப்பாடே கிடையாதா என்று கேக்கம்மா ஒரு நாள் கேலி செய்தாள். அக்காவும் சிரித்தாள்.

சின்னவனுக்குத் தடுப்பூசி போட்ட அன்று, திரும்பும் வழியில் அவன் ஊரைக் கூட்டினான். பெரியவள் தாகம் என்றாள். எதிரே அந்தக் காபிக் கடை. உள்ளே போய் உட்கார்ந்தால் அடுப்படி பார்ப்பதைப் பற்றி ஒரு வார்த்தை நினைவுபடுத்தியது போலவும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கடைக்காரம்மா நல்ல மாதிரி. முன்பின் தெரியாதவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, சின்னவனுக்கு வெதுவெதுப்பாகத் தண்ணீர் கொடுத்தாள். பெரியவள் கண்ணாடிப் பெட்டியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"அம்மா, நம்ம கேக்!"

கேக்கம்மா எட்டிப் பார்த்தாள். மேலே எட்டு ஆரஞ்சு வில்லைகள், எட்டாவது கொஞ்சம் கோணல். இன்று காலை சின்னவன் புடவையைப் பிடித்து இழுத்தபோது கோணிப்போன வில்லை அது.

"இது... எங்க வாங்குறீங்க?"

"வாங்குறதா? எங்க கேக்கம்மா செஞ்சு தராங்க, மூணு மாசமா. அவங்க அடுப்படியப் பாக்கணுமே நீங்க! தரையில சோறு போட்டுச் சாப்பிடலாம். நானே நேர்ல போய்ப் பாத்துட்டுத்தான் சரின்னேன்."

எந்த அடுப்படி என்று கேக்கம்மாவுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தரையில் அவளே எத்தனையோ முறை உட்கார்ந்து அக்கா கையால் சாப்பிட்டிருக்கிறாள். இடியே விழுந்தாலும் இப்படித் தூக்கிவாரிப் போட்டிருக்காது. உழைப்பு போனது, ஆர்டர் போனது, பிள்ளைகள் ஆசையாக வைத்த பெயரையும் விட்டுவைக்கவில்லையே.

அதோடு முடியவில்லை. கடைக்காரம்மா கல்லாவுக்குப் பின்னால் இருந்த சுவரைக் காட்டினாள். அட்டை அட்டையாகக் குத்தி வைத்திருந்தார்கள். எல்லாவற்றிலும் நத்தை. குல்லா போட்ட நத்தை, கிரீடம் வைத்த நத்தை, போலீஸ் தொப்பி வைத்த நத்தை.

"கேக் தீந்ததும் அடியில இது இருக்கும். வாடிக்கைக்காரங்க இதப் பாக்கவே வராங்க. கேக்கம்மாவோட பொண்ணு வரையுதாம். கடைசியா பொறந்த பொண்ணு, செல்லமாம்."

பெரியவள் சட்டென்று திரும்பினாள். "இல்ல! அது நான்தான். நான் எங்க அம்..."

கேக்கம்மாவின் கை தானாகப் போய் மகளின் வாயைப் பொத்தியது.

ஏன் பொத்தினாள்? வெளி ஆள் முன்னால் அக்காவை விட்டுக்கொடுக்க முடியவில்லை. முப்பது வருடத்துப் பழக்கம், யோசிப்பதற்குள் கை போய்விட்டது. கடைக்காரம்மா பிள்ளை ஏதோ உளறுகிறது என்று சிரித்தாள். கேக்கம்மா தண்ணீர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

இரண்டாவது மாடிப் படியில் பெரியவள் நின்றாள்.

"நான் பெரியம்மா பொண்ணா?"

"சீ, யாருடி சொன்னது? நீ என் பொண்ணு."

"அப்ப ஏன் என் வாய மூடுன?"

கேக்கம்மா சின்னவனை இடுப்பு மாற்றிக்கொண்டு மேலே ஏறினாள்.

புருஷன் பேருந்து ஓட்டுபவன். சாயங்காலம் வந்தவனிடம் ஒன்று விடாமல் சொன்னாள். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, காலை நீவிக்கொண்டே, "தப்புதான். ஆனா அவங்களும் வரலன்னா பையன யாரு பாக்கறது? கொஞ்சம் யோசிச்சுப் பேசு" என்றான். நியாயம் பேச வேண்டிய இடத்தில் வசதி பேசுகிறவர்களை என்ன செய்வது? அவள் எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தாள். அன்று தேய்த்த தேய்ப்பில் கேக் தட்டின் கறுப்பெல்லாம் போய்விட்டது.

மறுநாள் காலையும் இரண்டு கேக் செய்தாள். வேண்டாம் என்று மனசு சொன்னாலும் கை கேட்கவில்லை. பெரியவள் முன்னால் அட்டைகளை வைத்தாள். அவள் பென்சிலைத் தொடவில்லை.

ஒன்பது மணிக்கு அக்கா வந்தாள். சின்னவன் தத்தித் தத்தி ஓடிப் போய் அவள் காலைக் கட்டிக்கொண்டான். அவனுக்கு என்ன தெரியும்? அவனைத் தூக்கிக்கொண்டு, பெட்டியில் வைப்பதற்கு முன் அக்கா ஒரு அட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன கண்ணு, இன்னிக்கு ஒண்ணும் போடல? பெரியம்மாவுக்கு ஒரு நத்தை போட்டுக் குடு."

"எதுக்கு?" என்றாள் கேக்கம்மா. "உன் பொண்ணு வரைஞ்சதுன்னு சொல்லவா?"

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. சின்னவனை மெதுவாகக் கீழே இறக்கினாள்.

"போனியா கடைக்கு?"

"போனேன். அடுப்படி பாக்க வராங்கன்னு இந்தத் தரைய மூணு தடவ தொடைச்சேனேக்கா. நீ பாத்துக்கிட்டுத்தானே இருந்த? உனக்கு மனசே உறுத்தலையா?"

"முதல்ல உன் பேரத்தான்டி சொன்னேன். ரெண்டு சின்னப் பிள்ளைங்க இருக்குன்னதும் அந்தம்மா வேண்டாம்னுட்டாங்க. சுத்தம் இருக்காது, நேரத்துக்கு வராதுன்னாங்க." அக்கா சுற்றிலும் கை காட்டினாள். நாற்காலியில் ஈரத் துணி, அடுப்பு ஓரம் சின்னவனின் பிளாஸ்டிக் பாத்திரம், சுவர் முழுக்க மாவுக் கை. "இதப் பாத்தா யாரு குடுப்பா? அதான் நான் செய்யறதா சொன்னேன். உனக்காகத்தான்."

"எனக்காகன்னா எங்கிட்ட சொல்லியிருப்பியே."

அக்கா அட்டையைக் கீழே வைத்தாள். "அவங்க என்னைக் கேக்கம்மான்னு கூப்பிட்டாங்க" என்றாள். "நல்லா இருந்துச்சு. இத்தன வயசுல யாரும் என்னைப் பாத்து நல்லா செஞ்சிருக்கேன்னு சொன்னதில்லடி."

இதைக் கேட்டு மனம் இளகியிருக்க வேண்டும். கேக்கம்மாவுக்கு இளகவில்லை. பாராட்டு வேண்டுமென்றால் கேட்டிருக்கலாம், கேக் செய்யக் கற்றுக் கொடுத்திருப்பாளே. பெற்ற பிள்ளையை எடுத்துத் தன் பிள்ளை என்று சொல்லும்போது நாக்கு கூசவில்லையா?

"நீ போக்கா" என்றாள். "இனிமே வராதே."

அக்கா போன பிறகு, இரண்டு பெட்டியையும் பையில் வைத்து ஒரு கையில் மாட்டி, சின்னவனை இடுப்பில் வைத்து, பெரியவளைப் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி இறங்கினாள்.

"இன்னிக்குக் கேக்கம்மா வரலையா?" என்று கடைக்காரம்மா பெட்டிகளைப் பார்த்துக் கேட்டாள்.

கேக்கம்மா மகளை முன்னால் நிறுத்தினாள். "நேத்து இவ ஏதோ சொல்ல வந்தா, நான் விடல. நீயே சொல்லுடி. இதெல்லாம் யார் வரைஞ்சது?"

பெரியவள் சுவரைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு தன் கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அக்கா செய்ததைக்கூட அந்த நிமிடம் கேக்கம்மா மறந்துவிட்டாள். பிறகு தானே சொன்னாள். கேக் தன்னுடையது, மகள் தன்னுடையவள், வந்துகொண்டிருந்தது அக்கா, அவள் காட்டியது தன் வீடு இல்லை. வேண்டுமானால் இப்போதே வந்து பார்க்கலாம். சின்னவன் அதற்குள் கண்ணாடிப் பெட்டியில் எச்சில் கையை அப்பினான்.

கடைக்காரம்மா அந்தக் கறையைப் பார்த்தாள். "எனக்குக் கேக் பிடிச்சிருக்கு, இல்லேங்கல. ஆனா மூணு மாசமா என்னை ஏமாத்தியிருக்கீங்க, அக்காவோ தங்கச்சியோ. உங்க வீட்டுச் சண்டைக்கு நடுவுல என் கடைய இழுக்காதீங்க. இன்னிக்கு இருக்கட்டும், நாளையிலேர்ந்து வேண்டாம்."

கெஞ்சலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கெஞ்சவில்லை.

"அந்த அட்டைகளக் குடுங்க" என்றாள்.

ஊசி ஊசியாகப் பிடுங்கி, அடுக்கி, கேக் பெட்டி வந்த பையிலேயே போட்டுக்கொண்டாள். வீட்டுப் படியில் பெரியவள் பையை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். அப்போதுதான் வாய் திறந்தாள்.

"எல்லாத்தையும் வாங்கிட்டியா?"

"ஒண்ணு விடாம."

"பெரியம்மா நாளைக்கு வருவாங்களா?"

"மாட்டாங்க."

"அப்ப தம்பிய யாரு வெச்சுக்குவா?"