வேப்பமரத்தடியில் அரை மணி நேரம்

பதினொன்றாம் வகுப்பில் எனக்கு ஒரு பேட்ஜ் கொடுத்தார்கள். நீல வட்டம், நடுவில் வெள்ளை எழுத்தில் ‘தோழி’. திண்டுக்கல்லில் எங்கள் பெண்கள் பள்ளிக்கு அந்த வருஷம்தான் வந்த திட்டம் அது. பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒவ்வொருத்திக்கும் ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒரு தங்கை. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் அரை மணி நேரம் இருவரும் சேர்ந்து உட்கார வேண்டும். பெற்றோரிடம் சொல்ல முடியாததைக்கூட இரண்டு வயது மூத்தவளிடம் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள் என்று மூன்று நாள் பயிற்சியில் சொன்னார்கள். நான் அந்த பேட்ஜை வீட்டிலும் கழற்றவில்லை. “கலெக்டரம்மா, செத்த நேரம் இந்த வெங்காயத்தை உரிச்சுத் தாங்களேன்” என்று அம்மா கிண்டல் செய்வார். அத்தா சிரிப்பை அடக்கிக்கொண்டு பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார்.

எனக்குக் கிடைத்த தங்கைக்கு வெள்ளோடு கிராமத்துக்குப் பக்கத்து ஊர். ஒல்லி. முதல் வெள்ளிக்கிழமை மைதானத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். பயிற்சியில் எழுதிக்கொண்ட கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் “ம்”தான் பதில். வெயில் இலைகளுக்குள் புகுந்து எங்கள் பாவாடையில் அசைந்துகொண்டிருந்தது. மஞ்சள் வேப்பம்பழம் ஒன்று விழுந்தது, செத்த நேரம் கழித்து இன்னொன்று. என் தோளில் ஏதோ கனத்தது. திரும்பினால் அவள் தலை. தூங்கிவிட்டிருந்தாள்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. மற்ற தோழிகளிடம் தங்கைகள் அழுதார்களாம், சண்டைக் கதை சொன்னார்களாம். என்னிடம் வந்தவள் குறட்டை விடுகிறாள். அடுத்த வெள்ளியும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. அவள் மூச்சு என் கழுத்தில் படும். அவள் தலையில் பூ இருக்காது, ஆனால் விரல்களில் மல்லிகை மணக்கும். அந்த மணத்தில் எனக்கும் கண் சொருகும். சமாளித்துக்கொண்டு நிமிர்ந்து உட்காருவேன். பேட்ஜ் போட்டவள் தூங்கலாமா?

பயிற்சியில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். அதில் ஐந்து அறிகுறிகள். இரவில் சரியாகத் தூங்குவதில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை, யாருடனும் பேசுவதில்லை, பகலில் அசந்துபோகிறாள், தனியாக இருக்கவே விரும்புகிறாள். மூன்றுக்கு மேல் டிக் விழுந்தால் மனநல ஆலோசகர் மிஸ்ஸிடம் கொடுக்க வேண்டும். நான் நான்கு டிக் போட்டேன். பச்சை மையில், அழகாக. மிஸ் என்னைத் தட்டிக்கொடுத்தார். அன்று மாலை அவள் அப்பாவுக்கு போன் போயிற்று.

திங்கட்கிழமை அவள் பள்ளிக்கு வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. வெள்ளிக்கிழமை வேப்பமரத்தடியில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். அவள் வகுப்புப் பெண் ஒருத்தி வந்து, “அவங்கப்பா இனிமே அனுப்ப மாட்டாராம்க்கா. மனசு சரியில்லாத புள்ளைன்னு ஸ்கூல்லயே சொல்லிட்டாங்களாம்ல?” என்றாள். நேராக மிஸ்ஸிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். என் நான்கு டிக்கால் ஒரு பெண்ணின் படிப்பு நின்றுவிட்டது. அன்று வீட்டுக்குப் போனதும் பேட்ஜைக் கழற்றி டப்பாவில் போட்டேன். அம்மா கிண்டல் எதுவும் செய்யவில்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மிஸ்ஸும் நானும் அவள் ஊருக்குப் போனோம். சிறுமலை நீலமாகக் கிடந்தது. அதன் அடியில் தோட்டக்காடு முழுக்க மல்லிகைச் செடிகள், இடுப்பளவு உயரத்தில் வரிசை வரிசையாக. பஸ்ஸை விட்டு இறங்கியதும் மணம் வந்து மோதியது. அவள் விரல்களின் மணம். தூக்கத்தில் நடப்பவள் மாதிரி வரப்பில் நடந்தேன். செடிகளுக்கு நடுவே மடியில் பையைக் கட்டிக்கொண்டு அவள் மொக்குப் பறித்துக்கொண்டிருந்தாள். விடிகாலை நாலு மணிக்கே காட்டில் இறங்கிவிடுவாளாம். மொக்கு விரிவதற்குள் பறித்துப் பூ மார்க்கெட்டுக்கு அனுப்ப வேண்டுமே. அவள் அம்மா திருப்பூருக்கு பனியன் வேலைக்குப் போனதிலிருந்து அந்த வரிசை இவளுடையது.

எங்கள் ஊரில் மல்லிகை வாங்காத வீடு கிடையாது. அதைப் பறிக்க யாரோ விடிவதற்கு முன் எழுந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. ஐந்து அறிகுறி படித்த மூளை இது.

அவள் அப்பா வரப்பில் நின்றார். “எம்புள்ளைக்குக் கிறுக்குப் புடிச்சிருக்குன்னு எழுதிக் குடுத்தது நீதானா தாயி?”

“நான்தான். தப்பா எழுதிட்டேன்.” அழுதுவிட்டேன்.

“நேர்ல வந்து கேட்டிருக்கணும்யா. போன்ல சொன்னது எங்க தப்பு,” என்றார் மிஸ். இருவரும் கிணற்றடிக்குப் போய் நெடுநேரம் பேசினார்கள்.

நான் அவள் பக்கத்தில் போய்ப் பறிக்க ஆரம்பித்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் பறித்ததில் பாதியைக் கீழே எறிந்தாள். “பச்சை மொக்கைப் பறிக்காதீங்க. அது நாளைக்கு உள்ளது.” ஒரு வரிசை முடிந்தது. அடுத்த வரிசையின் நடுவில் செடியைப் பார்த்தபடியே சொன்னாள்:

“நீங்கதான்க்கா என்னை எழுப்பாம விட்டீங்க. வீட்ல, கிளாஸ்ல, பஸ்ல எல்லாரும் எழுப்பிவிடுவாங்க. அதையும் எழுதிக் குடுத்துட்டீங்க.”

அவள் என்னிடம் முதன்முதலாக முழுசாகப் பேசியது அதுதான். நான் கோபத்தோடு உட்கார்ந்திருந்ததை அவள் அன்பென்று நினைத்திருந்தாள்.

அடுத்த வாரம் அவள் பள்ளிக்கு வந்தாள். பள்ளி நாட்களில் ஏழு மணிக்கு மேல் காட்டில் நிற்க வேண்டாம் என்று அப்பா ஒத்துக்கொண்டிருந்தார். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் மரத்தடியில் அவள் தூங்கவில்லை. கண்களை அகல விரித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். கண் சிவந்திருக்கும், தலை ஒரு பக்கம் சரியும், உடனே நிமிர்த்திக்கொள்வாள். “தூங்குடீ” என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். “தூக்கம் வரலக்கா.” அந்த அரை மணி நேரம் போல என்னை எதுவும் தண்டித்ததில்லை.

பன்னிரண்டாம் வகுப்புக்குப் போனேன். எனக்கு மறுபடியும் அவளையே கொடுக்கச் சொல்லி மிஸ்ஸிடம் கேட்டு வாங்கினேன். பொதுத்தேர்வு நெருங்கியபோது எனக்குத் தூக்கம் போயிற்று, சோறு இறங்கவில்லை, யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. கடைசி வெள்ளிக்கிழமை மரத்தடியில் உட்கார்ந்தது நினைவிருக்கிறது. வெயில் பாவாடையில் அசைந்ததும், மல்லிகை மணத்ததும்.

கண் விழித்தபோது மைதானத்தில் யாரும் இல்லை. நிழல் நீண்டு சுவரில் ஏறியிருந்தது. என் தலை அவள் தோளில் இருந்தது. பெல் அடித்திருக்கிறது, அவள் ஊர் பஸ் போயிருக்கிறது, அவள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். பதறி எழுந்தேன்.

“பஸ் போயிருச்சேடீ! எழுப்பக் கூடாதா?”

மரத்துப்போன தோளைத் தேய்த்துக்கொண்டே அவள் சொன்னாள்: “அடுத்த பஸ்ஸுல போய்க்கிறேன். பயப்படாதீங்கக்கா, நான் யார்ட்டயும் எழுதிக் குடுக்க மாட்டேன்.”