எட்டரைக்கு முந்திய வேலை

உங்கள் உழைப்பை ஒரு சொப்ட்வெயார் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் பிரித்தால் எப்படி இருக்கும்? எங்கள் கிளிநொச்சி அலுவலகத்தில் சில மாதங்களாக அதுதான் நடக்கிறது. அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

போன வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் எல்லோருடைய மதிப்பெண்களையும் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. சிவப்பில் இருப்பவர்களின் ஒப்பந்தம் நீடிக்கப்படாது. அனுப்புவதற்கு முன் ஒருமுறை திரையைப் பார்த்தால்... வசந்தி அக்கா சிவப்பு.

உருத்திரபுரம் பக்கத்து விவசாயிகளுக்கான எங்கள் வெளிக்கள உத்தியோகத்தர் அவர். வெயில், மழை பார்க்காமல் ஸ்கூட்டியில் திரிகிறவர்.

"அவா ஒழுங்கா வேலைக்குப் போகேல்லைப் போல" என்றார் மேலாளர்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"தம்பி, வாய்க்காலில தண்ணி விட்ட நேரம் ஆரை வீட்டில பிடிக்கிறது? விடிய ஆறு மணிக்கே வயலுக்குப் போய்ச் சந்திச்சு, அங்கேயே நிண்டு போனில பதியிறனான். ஏன், ஏதும் பிழையோ?"

"இல்லை அக்கா, சும்மா கேட்டனான்."

பொய்.

டேட்டாபேஸைத் திறந்தேன். அவருடைய பதிவுகள் அத்தனையும் பத்திரமாக இருந்தன. ஆனால் செட்டிங்கில் வேலை நேரம் எட்டரை முதல் நாலரை வரை — தலைமை அலுவலகம் வைத்தது. அந்த நேரத்தில் எத்தனை சதவீதத்துக்கு வேலை பதிவாகியிருக்கிறது என்பதுதான் மதிப்பெண்; எட்டரைக்கு முந்திய எதுவும் கணக்கில் சேராது.

அக்காவே அதை மாற்றிக்கொள்ள முடியாதா? பயனர் விருப்பங்களில் திரையின் நிறத்தை மாற்றலாம், மொழியை மாற்றலாம், நாய்க்குட்டிப் படம்கூடப் போடலாம். வேலை நேரத்தை? ஊஹும். அதை நான்தான் மாற்றலாம்; மாற்றினால் கிளை முழுவதற்கும்தான் மாறும்.

தொடக்க நேரத்தை ஐந்தாக்கினேன். எல்லோருடைய மதிப்பெண்ணும் புதிதாகக் கணக்கிடப்படத் தொடங்கியது. நேரமோ ஓடிக்கொண்டிருந்தது. இடையில் கரண்ட் போனால்? ஒருவழியாக முடிந்தது... வசந்தி அக்கா பச்சை.

மேலாளர் மஞ்சள்.

வேலை நேரம் நீண்டதும், ஒன்பதுக்கு வந்து கதிரையில் அமர்கிற எங்கள் எல்லோருடைய சதவீதமும் சரிந்துவிட்டது. என்னுடையதும்தான்.

மேலாளர் குனிந்து திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். அக்கா சிவப்பாக இருந்தபோது அவருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

"தம்பி, உந்த சிஸ்டத்தை நம்பேலாது. பழைய செட்டிங்குக்கே மாத்திப்போட்டு அனுப்புவமோ?"

"அனுப்பிப்போட்டன் சேர்" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் பொத்தானை அழுத்தினேன்.