பதினோராம் மாடி மங்கம்மா

சென்ற ஆண்டு தீபாவளிக்குச் சில வாரங்கள் முன்பு, செந்தூலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தள மண்டபத்தில் நடந்தது இது. பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு பொம்மலாட்டக் குழு வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் குடியிருப்புகளுக்குப் போய், ஆறு, குப்பை, சாக்கடை என்று சுற்றுச்சூழல் கதைகளைக் கைப்பொம்மைகளை வைத்து நடித்துக் காட்டுவோம். வசனம் எழுதுவதும் பொம்மைக்கு உடை தைப்பதும் என் வேலை. இரண்டிலும் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

அந்தக் குடியிருப்பில் மாடியிலிருந்து குப்பைப் பையை வீசுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, 'மேல்மாடி மங்கம்மா' என்று ஒரு பொம்மை செய்தேன். சோம்பேறி, வாயாடி. ஜன்னல் வழியே பையை வீசிவிட்டு, அது கீழே விழுந்த சத்தம் கேட்டதும் கொட்டாவி விடுவாள். அவளுக்காகவே செந்தூல் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் மஞ்சள் பூப்போட்ட பாத்திக் துணி வாங்கி நைட்டி தைத்தேன்.

மங்கம்மா தலையை நீட்டியதுமே மண்டபம் முழுக்கச் சிரிப்பு. என் பொம்மைக்குத்தான் என்று பூரித்துப்போனேன். திரை இடுக்கில் பார்த்தபோதுதான் தெரிந்தது, பொம்மையை யாருமே பார்க்கவில்லை. மூன்றாம் வரிசையில் அதே மஞ்சள் பூ நைட்டியில் ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். எல்லாரும் திரும்பித் திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் அவருடைய மகள், பத்து வயதிருக்கும், முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மங்கம்மா என் கையில்தான் இருந்தாள். ஆனாலும் நான் நிறுத்தவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

முடிந்ததும் அந்த அக்கா திரைக்குப் பின்னால் வந்தார். ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ பொம்மையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாந்தாம்மா வீசுறேன், பொய் இல்ல. லிஃப்டு கெட்டு ரெண்டு மாசமாச்சு. இந்தக் கால வச்சிக்கிட்டு பதினோரு மாடி தினமும் எறங்க முடியல லா. இன்னிக்கி எம்மக பொம்ம பாக்க ஆசப்பட்டான்னுதான் எறங்கி வந்தேன். வீசுறத காட்டுனீங்க. எறங்குறதையும் காட்டுங்களேன்."

என் வீடு ஒன்பதாம் மாடி. லிஃப்டு ஒருநாளும் நின்றதில்லை, குப்பை அறையோ வாசலிலிருந்து பத்தடியில்.

மங்கம்மா இறங்குவதையும் கதையில் சேர்த்தோம். அந்த வாரம் ஒத்திகை அவர் வீட்டில் நடந்தது. படியேறிப் போனபோது ஏழாவது மாடியிலேயே எனக்கு மூச்சு முட்டியது. மறு ஞாயிறு அதே மண்டபத்தில் மங்கம்மாவை அந்த அக்காவே கையில் மாட்டிக்கொண்டார். குப்பைப் பையோடு மங்கம்மா ஒவ்வொரு மாடியாக இறங்கினாள். அக்கா மாடி எண்ணைச் சொல்லிச் சொல்லி மூச்சு வாங்கினார். ஆறாவது மாடி வந்தபோது சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அடங்கிப்போனார்கள். முன்வரிசையிலிருந்து அந்த மகளின் குரல் மட்டும் கேட்டது.

"அது எங்கம்மா."

மறுநாள் இருபது பேர் மங்கம்மாவையும் தூக்கிக்கொண்டு நிர்வாக அலுவலகத்துக்குப் போனார்கள். லிஃப்டு சரியாவதற்கு இன்னும் மூன்று வாரம் பிடித்தது. அதுவரை கீழே இறங்குகிறவர்கள் போகிற போக்கில் மேல்வீட்டுப் பைகளையும் எடுத்துப்போனார்கள்.

இப்போதும் வசனமும் தையலும் என் வேலைதான். ஆனால், ஊசியில் நூல் கோர்க்கும் முன் இந்தப் பொம்மை எத்தனை மாடி இறங்கி வரவேண்டியிருக்கிறது என்று போய் விசாரித்துவிட்டுத்தான் உட்காருகிறேன்.